நிறச்சக்கரத்துக்கு முன்னால் சாம்பல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் விஸ்காம், கிராஃபிக் டிசைன், நுண்கலை என்று விண்ணப்பம் போடும் நேரம் இது. எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், படித்து முடித்தால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள், கேட்க வேண்டியவைதான். சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அந்த முதல் பருவத்தின் வண்ணப் பாடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாடத்திட்டத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களும் உங்கள் வாசகர்கள்தானே.

பல வகுப்புகளில் நடப்பது இது. முதல் வாரமே நிறச்சக்கரம். சார்ட்டில் காம்பஸ் வைத்து வட்டம், பன்னிரண்டு கட்டம், சிவப்பு, மஞ்சள், நீலத்தில் தொடங்கி ஒரு சுற்று, ரெக்கார்டில் ஒட்டிக் கையெழுத்து. அடுத்து ஒத்த நிறம், எதிர் நிறம், முந்நிறக் கூட்டு என்று வரையறைகள். ஜெர்மனியின் பௌஹாஸ் பள்ளியில் 1919 முதல் 1923 வரை அடிப்படை வகுப்பு நடத்திய யோஹன்னஸ் இட்டன் வகுத்த ஏழு நிற மாறுபாடுகளை வரிசை தவறாமல் எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அடுத்த பருவம் போட்டோஷாப். இப்படிப் படித்து வந்தவர் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துவிட்டு, ஏன் படிக்க முடியவில்லை என்று புரியாமல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்.

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் மூன்று, நான்கு வாரத்துக்கு நிறச்சக்கரத்தைத் தொடவே வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் போதும்.

காரணம் இருக்கிறது. ஒரு வண்ணத்துக்கு மூன்று குணங்கள்: அது எந்த நிறம் என்பது ஒன்று, எவ்வளவு வெளிறியது, எவ்வளவு கறுத்தது என்பது இரண்டாவது, வகுப்பில் இதை வேல்யூ என்போம், எவ்வளவு செறிவானது அல்லது மங்கியது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாக அளக்கலாம் என்று காட்டியவர் பாஸ்டனில் ஓவியம் கற்பித்த ஆல்பர்ட் மன்செல். அவருடைய நூல் 1905-இல் வந்தது. அவர் முறையில் வேல்யூ கறுப்பில் 0, வெள்ளையில் 10. எழுத்தின் விளிம்பையும் உருவத்தின் எல்லையையும் கண் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வேல்யூ வேறுபாட்டை வைத்துத்தான். நிறம் மாறியிருந்தும் வேல்யூ ஒன்றாக இருந்தால் விளிம்பு துடிக்கும், கண் வலிக்கும். ஆனால் மூன்றில் புதியவர் கண்ணுக்குக் கடைசியாகப் புலப்படுவதும் இதுவே. நிறம் முந்திக்கொண்டு வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் நிறத்தைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்தச் சொல்கிறேன்.

பயிற்சி எளியது, சரியாகச் செய்வது கடினம். வெள்ளை, கறுப்பு போஸ்டர் கலர் ஒவ்வொரு புட்டி, ஒரு தட்டை பிரஷ், கேட்ரிட்ஜ் தாள். கறுப்பு (1) முதல் வெள்ளை (9) வரை ஒன்பது படிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் கண்ணுக்கு ஒரே அளவு தாவல். கட்டம் போட்டுக்கொண்டு நேராக அதற்குள் அடிப்பவர்கள் எல்லோரும் தோற்பார்கள். தனித்தனித் துண்டுத் தாள்களில் இருபது இருபத்தைந்து சாம்பல்களை அடித்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு வெட்டி அருகருகே வைத்து ஒன்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்ட வேண்டும். காயவிடுவது முக்கியம்: இந்த வகைப் பூச்சில் வெளிர் சாயல்கள் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும், அடர் சாயல்கள் கொஞ்சம் வெளுக்கும். ஈரத்தில் சரியாக இருந்தது மறுநாள் சரியாக இருக்காது.

கலக்கும்போது வெள்ளையில்தான் கறுப்பைச் சேர்க்க வேண்டும், கறுப்பில் வெள்ளையை அல்ல. கறுப்பின் வலு அப்படி. தலைகீழாகச் செய்தால் வெள்ளைப் புட்டி காலியாகும், சாம்பல் நகராது. ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு கறுப்பைச் சேர்ப்பது மாணவர்கள் செய்யும் அடுத்த பிழை. முதல் சொட்டில் பெரிய தாவல் வரும், ஐந்தாவது சொட்டில் ஒன்றுமே தெரியாது. கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, மடங்கைப் பார்க்கிறது. ஒரு பங்கு, இரண்டு பங்கு, நான்கு, எட்டு என்று கறுப்பை ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டே போனால்தான் படிகள் சீராக அமையும். புகைப்படக்காரர்கள் அளவுக்கு வைத்துக்கொள்ளும் நடுச் சாம்பல் அட்டையும் இதே கதைதான்: கண்ணுக்கு நடுவாகத் தெரியும் அந்தச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. 50 சதவீதம் இருக்கும் என்று நினைக்காத மாணவரைப் பார்ப்பது அரிது.

ஒன்பது படிகள் கையில் வந்தபின் நிறத்தை உள்ளே விடலாம். அப்போதும் சக்கரம் வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வண்ணத்தாள்களை வாங்கி, ஒவ்வொன்றும் எந்தச் சாம்பல் படிக்குச் சமம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து அதனருகே ஒட்டச் சொல்ல வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் எட்டாம் படிக்கு அருகில் போய் உட்காரும். பளிச்சென்ற நீலமோ மூன்று, நான்கில். மஞ்சளைக் கறுப்பாக்கினால் அது மஞ்சளாகவே இருக்காது, பாசி நிறமாகிவிடும். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் அவற்றின் முழுச் செறிவு ஒரே உயரத்தில் வருவதில்லை என்பதை இந்தத் துண்டுத்தாள் வேலை ஒரு மதியத்தில் உணர்த்திவிடும். விடையைச் சரிபார்க்க மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கலாம், ஆனால் தாளும் சாம்பல் படிகளும் ஒரே படத்துக்குள் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கிவிடும்.

கணினி வகுப்பில் இந்த அறிவு இல்லாமல் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். போட்டோஷாப்பில் தூய மஞ்சள் ஒரு கட்டம், தூய நீலம் ஒரு கட்டம் போட்டு, நிறத்தை நீக்கும் டீசாச்சுரேட் கட்டளை கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். அந்தக் கட்டளை சிவப்பு, பச்சை, நீல எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் அதன் விடை ஒன்றுதான். கண்ணின் கணக்கு வேறு. திரையில் வெள்ளையின் ஒளியில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே 93, நீலம் 7. இந்த இரண்டையும் சமம் என்று காட்டும் கருவியை வைத்து வேல்யூவைச் சோதித்தால் தப்பான விடைதான் வரும். கலர் பிக்கரில் பிரைட்னஸ் என்று இருக்கும் எண்ணும் இப்படித்தான், இரண்டுக்கும் 100 என்று காட்டும். சோதனைக்குப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, மோடு மெனுவில் கிரேஸ்கேலுக்கு மாற்ற வேண்டும். மென்பொருளை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இதைச் சொல்ல நேரமிருப்பதில்லை.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் படிக்க உதவும் அணுகல் வழிகாட்டியும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. எழுத்து, பின்னணி இரண்டின் ஒளி அளவோடும் (வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0) தனித்தனியே 0.05 சேர்த்து, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். சாதாரண எழுத்துக்கு விடை 4.5-க்குக் குறையக் கூடாது, பெரிய எழுத்துக்கு 3. வெள்ளையில் கறுப்பு 21. வெள்ளையில் தூய நீலம் 8.6, தூய சிவப்பு 4; அதாவது வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தே மயிரிழையில் தவறிவிடுகிறது. வெள்ளையில் தூய பச்சை 1.4, மஞ்சள் 1.07. நீலத்தில் சிவப்பு 2.15. முதலாண்டு மாணவர் இந்த எண்களைக் கையால் ஒருமுறையாவது கணக்கிட வேண்டும். நம் ஊர் ஃபிளெக்ஸ் போர்டுகளில் நீலத்தின்மேல் சிவப்பு எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கரை கட்டுவார்கள். அது அலங்காரமில்லை, இல்லாத வேல்யூ வேறுபாட்டைக் கடன் வாங்கும் வேலை. கல்லூரிப் பக்கம் போகாமலே கடைக்காரர் அனுபவத்தில் கண்டுபிடித்த வைத்தியம் என்று அதற்கு மரியாதை தரலாம். ஆனால் கரை தடிக்கத் தடிக்க ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் இடம் அடைபட்டுப்போகிறது. முதலிலேயே எழுத்தை வெள்ளையாக்கியிருந்தால் கரையே வேண்டியிருக்காது.

இனி நிறச்சக்கரம். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் முதல் பருவத்தில் முதன்மை நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்கிறோம். இரண்டாம் பருவத்தில் கணினி ஆசிரியர் சிவப்பு, பச்சை, நீலம் என்கிறார். மூன்றாமாண்டில் அச்சகத்துக்குப் போனால் சியான் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். மூன்றையும் இணைத்துச் சொல்ல ஒரு வகுப்பு கிடையாது. சொன்னால் பத்து நிமிடம்தான். திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியைக் கழிக்கிறது. சியான் மை சிவப்பு ஒளியை விழுங்கும், மஜந்தா பச்சையை விழுங்கும், மஞ்சள் நீலத்தை விழுங்கும். ஆக அச்சகத்தின் மூன்றும் திரையின் மூன்றும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது நல்ல மஜந்தாவும் சியானும் கிடைக்காத காலத்து ஓவியர்கள் கையிலிருந்த பொடிகளை வைத்து அதை எட்டிப்பிடித்த ஏற்பாடு.

எட்டிப்பிடித்ததால்தான் ரெக்கார்டில் ஊதாக் கட்டம் பெரும்பாலும் பழுப்பாக இருக்கிறது. வெர்மிலியன் சிவப்புக்குள் மஞ்சள் சாய்வு உண்டு. அதில் நீலத்தைச் சேர்த்தால் மூன்று முதன்மையும் சேர்ந்ததாகிப் பழுப்பு வரும். ஊதாவுக்குக் கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும். ஆரஞ்சுக்கு வெர்மிலியனும் குரோம் மஞ்சளும். துடிப்பான பச்சைக்கு லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும். அதே லெமனோடு அல்ட்ராமரின் சேர்த்தால் பச்சை கொஞ்சம் மங்கும், குரோம் மஞ்சளோடு சேர்த்தால் ராணுவ உடை நிறம்தான். ஆகவே மூன்று புட்டியில் சக்கரம் போடச் சொல்வதே பிழை. ஒவ்வொன்றிலும் வெப்பச் சாய்வு ஒன்று, குளிர்ச் சாய்வு ஒன்று என ஆறு புட்டி வேண்டும். மாணவர் கையில் குறையில்லை, வாங்கச் சொன்ன பட்டியலில்தான் குறை.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பது வண்ணப் பாடத்தின் மிகச் சுவையான பகுதி. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷல் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்ற புகாரை விசாரிக்கப் போனார். சாயத்தில் குறை எதுவும் இல்லை. கறுப்பு நூலுக்கு அருகில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் அதைச் சோகையாகக் காட்டின. 1839-இல் அதை நூலாக எழுதினார். இதை விளக்க நமக்கு பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. பட்டுப் புடவையில் அதே அரக்குக் கரையைக் கடுகு மஞ்சள் உடலுக்கும் கரும்பச்சை உடலுக்கும் வைத்துப் பார்த்தால் கரை இரண்டு நிறமாகத் தெரியும். மயில்கழுத்து நிறம் இன்னொரு பாடம்: பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையும் நூல் நூலாகக் கலந்து கண்ணில் மூன்றாவது நிறமாகின்றன. அச்சில் நிறங்களை உண்டாக்கும் சிறு மைப் புள்ளிகளும் இதற்கு உறவு முறைதான். நெசவுத் தொழில் உள்ள ஊர்களில் இருக்கும் கல்லூரிகள்கூட இதை வகுப்புக்குள் கொண்டுவராமல், பிரதி எடுத்த சக்கரத்தையே ஒட்டவைப்பது எனக்கு விளங்கவில்லை.

இதற்கான பயிற்சிக்குப் பூச்சு தேவையில்லை, வண்ணத்தாளும் கத்தரிக்கோலும் போதும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸ் கற்பித்த வழி அது. ஒரே தாளிலிருந்து வெட்டிய இரண்டு சிறு சதுரங்கள் இரண்டு வேறு பின்னணியில் இரண்டு நிறமாகத் தெரிய வேண்டும். நடுத்தர வேல்யூவில் உள்ள மங்கிய நிறத்தைச் சதுரத்துக்கு எடுத்தால் எளிதில் மாறும். செறிவான சிவப்பை எடுத்தால் எதன்மேல் வைத்தாலும் அடம்பிடிக்கும். சதுரம் பெரிதானாலும் விளைவு போய்விடும்.

நிறங்களின் உளவியல் என்று ஒரு பக்கம் எல்லாப் பாடக்குறிப்பிலும் உண்டு: சிவப்பு ஆபத்து, வெள்ளை தூய்மை, கறுப்பு துக்கம். நம் வீட்டில் குங்குமம் சிவப்பு, மாப்பிள்ளை வேட்டி வெள்ளை, பழைய வழக்கத்தில் கைம்பெண்ணின் சேலையும் வெள்ளை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

அச்சு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவரின் பிழை அங்கேதான் பணமாகிறது. ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) கறுப்பில் எழுத்தை அமைத்து அப்படியே சிஎம்ஒய்கே-க்கு (அச்சின் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றினால், போட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அச்சு அமைப்பில் அது சியான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு பிளேட்டிலும் (ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு) ஏறிவிடும். பிளேட் ஒன்று கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சிறிய தமிழ் எழுத்தில் வண்ணப் பிசிறு தெரியும். நான்கையும் கூட்டினால் மொத்த மை 300 சதவீதம். நாளிதழ்த் தாள் பொதுவாக 240 அளவைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் காயாது, எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். பாட எழுத்து கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் சுழியம் என்பது மனப்பாடமாக வேண்டிய ஒரே வரி. திரையில் பளபளக்கும் நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாக வருவதும் இப்படி ஒரு காரணத்தால்தான்: சியானும் மஜந்தாவும் சம அளவில் விழுந்தால் ஊதாதான் வரும். சியான் 100 என்றால் மஜந்தாவை 70-க்கு மேல் விடாதீர்கள் என்பார்கள் பிரஸ்காரர்கள். நாளிதழ்த் தாளில் மைப் புள்ளி பரவும். 50 சதவீதமாகக் கொடுத்த சாம்பல் ஏறத்தாழ 75 போலக் கறுத்து வரும். நிழல் பகுதியை முன்கூட்டியே வெளுப்பாக்காத படம் சேறாகத்தான் அச்சாகும்.

இதையெல்லாம் கரும்பலகையில் சொல்வதைவிட, ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டத் தொடங்கும்போது கழித்துப் போடும் தாள்களைக் கேட்டு வாங்கி வாருங்கள். சும்மாவே தருவார்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றின் கீழ் வைத்தால் நான்கு மையின் புள்ளிகளும் பூ இதழ் போல அடுக்கி நிற்பது தெரியும். சியான் 15 பாகை, கறுப்பு 45, மஜந்தா 75, மஞ்சள் 0 என்று கோணம் மாற்றி வைப்பது ஏன் என்று அப்போது கேள்வி தானாக வரும். கோணம் தவறிய தாளில் கட்டம் கட்டமாக அலையோடும்.

தமிழ் எழுத்தமைப்பு பெரும்பாலான முதலாண்டுப் பாடங்களில் இடம்பெறுவதே இல்லை. ஆங்கிலத்தில் 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரியிடைவெளி போதும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகார விலங்கும், கீழே உகர ஊகாரச் சுழியும் மோதும். 14, 15 வேண்டும். நமக்குத் தலைப்பெழுத்து கிடையாது என்பதால் எது முக்கியம் என்பதை அளவு, தடிமன், வேல்யூ இந்த மூன்றால்தான் காட்ட முடியும். சாம்பல் பயிற்சி இங்கேயும் கைகொடுக்கும். அடோபி மென்பொருள்கள் சிலவற்றில் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்பது கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து கிடக்கும். அதைத் தெரியாமல் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாறுகிறார்கள், பிறகு அந்தக் கோப்பை எங்கும் தேட முடிவதில்லை.

வகுப்பறை வெளிச்சத்தையும் ஒரு வார்த்தை. அச்சு மதிப்பீட்டுக்கான பன்னாட்டுத் தரம் 5000 கெல்வின் ஒளி. நீலம் பாய்ந்த டியூப்லைட்டின் கீழ் கலந்த நிறம் ஜன்னலோரம் வேறாகத் தெரிந்தால் மாணவரைத் திட்டுவது நியாயமில்லை. சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண் மாணவர் வகுப்பில் ஒருவர் இருப்பது அபூர்வமும் இல்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் மிகக் குறைவு. நிறக்குருட்டைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டையை வைத்து அவரை வெளியேற்ற வேண்டியதில்லை. சாம்பல் படிகளில் அவர் மற்றவர்களுக்குச் சளைத்தவர் அல்ல, தன் திரையில் எண்களைப் பார்த்து வேலை செய்யப் பழக்கினால் போதும்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் தேர்வு மாற வேண்டும். வரையறுக்க, வேறுபடுத்துக என்ற ஐந்து மதிப்பெண் வினாக்களுக்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: ஒரு வண்ணத்தாளைக் கொடுத்து அதே வேல்யூவில் சாம்பல் கலக்கச் சொல்வது, முப்பது நிமிடம், காய்ந்த பின் மதிப்பெண். நான்கு பிளேட்டில் ஏறிய எழுத்து, 300 சதவீத மை, வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் விடாத படம் என்று வேண்டுமென்றே பிழை வைத்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பு ஒன்றைத் தந்து, அச்சுக்குப் போகும் முன் திருத்தச் சொல்வது. சிவப்பு எழுத்தும் நீலப் பின்னணியும் உள்ள போர்டில், நிறம் எதையும் மாற்றாமல் வேல்யூவை மட்டும் நகர்த்திப் படிக்கும்படி ஆக்கச் சொல்வது. மூன்றுக்கும் கைடு புத்தகத்தில் விடை இருக்காது.

இப்படிக்கு,
காட்சி வடிவமைப்பு ஆசிரியர்,
திருச்சி